பருவுக்கு ஒன்று, தழும்புக்கு ஒன்று

கல்யாண ஆல்பத்துக்கு மணப்பெண்ணின் குளோசப். தாடையில் ரெண்டு பரு, கன்னத்தில் பழைய பள்ளத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம். மூன்றையும் ஃபோட்டோஷாப்பில் ஒரே டூலால் முடிக்கப் பார்த்தால் ஒன்றாவது சொதப்பும்.

பருவுக்கு ஹீலிங் பிரஷ். ஃபோட்டோஷாப் 7இல், 2002இல் வந்தது. ஆல்ட் அழுத்திப் பக்கத்துத் தோலில் கிளிக் செய்து, பருவின் மேல் தேய்த்தால் போதும். தோலின் துளையும் வரியும் அங்கிருந்து வரும். நிறமும் வெளிச்சமும் பருவைச் சுற்றியுள்ள இடத்தோடு சேர்ந்துகொள்ளும். குளோன் ஸ்டாம்ப் என்ற டூலோ உள்ளதை உள்ளபடி ஒட்டும். நெற்றியில் எடுத்துத் தாடையில் வைத்தால் சட்டையில் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும்.

ஆனால் பரு முடியோரத்தில் இருந்தால் கதை வேறு. ஹீலிங் பிரஷ் முடியின் கறுப்பையும் இழுத்துக் கலந்து புகைக்கறை போல ஆக்கிவிடும். அங்கே குளோன்தான், சின்ன பிரஷ்ஷில். ஸ்பாட் ஹீலிங் பிரஷ் இன்னும் வேகம், எங்கிருந்து எடுப்பது என்று காட்டவே வேண்டாம். அவசரத்தில் அதை நம்பித்தான் ஒரு பெண்ணின் மேலுதட்டு மச்சத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன். ஆல்பத்தைப் புரட்டிய அம்மா, “தம்பி, மச்சம் எங்க?” என்றார். மறுபிரிண்ட் என் செலவு.

கருவளையத்துக்கு ஃபிரீக்வென்சி செப்பரேஷன் சரி. படத்தை இரண்டு லேயராக, அதாவது அடுக்காகப் பிரிப்பது: கீழே மங்கலாக்கிய நிறம், மேலே லீனியர் லைட் என்ற கலப்பு முறையில் தோலின் நுணுக்கம். மேல் லேயரை உண்டாக்க, 8 பிட் படமென்றால் அப்ளை இமேஜ் என்ற கட்டளையில் சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. கீழ் லேயரில் மட்டும் கைவைத்தால் துளைகள் அப்படியே இருக்கும். இதிலேயே முகம் முழுக்கத் தேய்ப்பவர்களால்தான் மணப்பெண்கள் மெழுகு பொம்மை ஆகிறார்கள். மூக்கோர நிழல் கரைந்தால் மூக்கே தட்டையாகிவிடும்.

தழும்புக்கு இவை எதுவுமே தோதில்லை. பள்ளத்தில் ஒரு பக்கம் நிழல், மறுபக்கம் பளிச். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் லேயர் வைத்து நிழலைக் கொஞ்சம் தூக்கி, பளிச்சைக் கொஞ்சம் இறக்கினால் பள்ளம் தானாக அடங்கும். டாட்ஜ் அண்ட் பர்ன் என்பது இதுதான். ஒரு முகத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கும். 300 படத்துக்குக் கட்டுப்படியாகாது. ஹாலில் மாட்டப்போகும் அந்த ஒரு படத்துக்கு மட்டும் செய்கிறேன்.