போனை மாத்தினா கவரேஜ் வரும் எண்டதை நம்பி 86,500 ரூபா போச்சு, யாழ்ப்பாண ஆக்கள் கவனம்

இப்பதான் ரவுணில இருந்து வந்தனான். உடுப்புக் கூட மாத்தேல்ல, அந்த ஆத்திரத்தோடயே எழுதுறன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ. 86,500 ரூபா. ஒரு ரூபா ரெண்டு ரூபா இல்லை. மாசம் மாசம் சீட்டுக் கட்டி எடுத்த காசு, பெரிய கேக் பீற்றர் ஒண்டு வேண்டுவம் எண்டு வைச்சிருந்தனான். அதைக் கொண்டு போய் ஒரு போன் கடையில குடுத்திட்டு இண்டைக்கு வெறுங்கையோட வந்து இருக்கிறன்.

கடையின்ர பேர் போடேல்ல. இவர் போடவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார். யாழ்ப்பாண ரவுணுக்க, புது போனும் விக்கிற, ரிப்பேரும் செய்யிற, பழைய போனும் எடுக்கிற கடை. உப்பிடிக் கடை எத்தினையோ இருக்குது, எல்லாரும் கள்ளர் எண்டு நான் சொல்ல வரேல்ல. எனக்கு நடந்ததைச் சொல்லுறன், பாத்து நடவுங்கோ.

நான் வட்டுக்கோட்டையில வீட்டில இருந்து கேக் ஓடர் செய்யிறனான். பிறந்தநாள், சாமத்திய வீடு, கலியாணம் எண்டு ஓடர் வாறது எல்லாம் போனிலதான். போன வருசம் ஐப்பசி மழை தொடங்கினதில இருந்து கவரேஜ் ஒழுங்கா இல்லை. இருக்கும், திடீரெண்டு ஒரு கோடும் இல்லாமப் போகும், அரை மணித்தியாலம் கழிச்சு திரும்ப வரும். ஆக்கள் எடுத்தா போன் ஓஃப் எண்டு சொல்லுதாம். ஒருக்கா கொக்குவிலில இருந்து ஒரு அக்கா மூண்டு தட்டு கேக்குக்கு நாலு தரம் எடுத்துப் பாத்திட்டு வேற ஆளிட்டக் குடுத்திட்டா. பாங்க் ஓடிபி நம்பர் காசு அனுப்பி முடியிற நேரம் தாண்டித்தான் வரும். கரண்ட் போனா இன்னும் மோசம், டவரில இருக்கிற பற்றரி கொஞ்ச நேரம்தானே தாக்குப் பிடிக்கும்.

பேந்து கார்த்திகை கடைசியில டித்வா புயல். அந்த நாளுகளில எங்கட பக்கம் கரண்டும் இல்லை கவரேஜும் இல்லை, கொழும்பில இருக்கிற தங்கச்சி நாங்கள் உயிரோட இருக்கிறமோ எண்டு தெரியாம அழுதுகொண்டிருந்தவ. அது எல்லாருக்கும் நடந்தது, அதுக்கு ஆரையும் குறை சொல்லேலாது. ஆனா மார்கழி பிறந்தாப் பிறகும் எனக்கு விட்டு விட்டுத்தான் வந்தது. இவர் அப்பவே சொன்னவர் "உது போன் இல்லை, நெற்வேர்க்" எண்டு. எனக்கெண்டா நாலு வருசப் போன், மழைத்தண்ணியும் ஒருக்காப் பட்டது, அதாலதான் எண்டு மனசில நிண்டிட்டுது.

மார்கழி 11ஆம் திகதி ரவுணுக்குப் போனனான். போனை மாத்திற எண்ணத்தோட போகேல்ல, ஒருக்காக் காட்டிக் கேப்பம் எண்டுதான். ரெண்டு கடையில ஆளை நிமிந்தே பாக்கேல்ல. மூண்டாவதா ஏறினதுதான் இந்தக் கடை. முதலாளிக்கு ஒரு நாப்பது வயசு இருக்கும். "வாங்கோ அக்கா, வெயிலுக்கால வந்திருக்கிறியள், முதல்ல இருங்கோ" எண்டு கதிரையை இழுத்துப் போட்டு, பெடியனை விட்டுச் சோடா எடுப்பிச்சுத் தந்தவர். எந்த இடம் எண்டு கேட்டார். வட்டுக்கோட்டை எண்டன். "அட, எங்கட அம்மாவும் அந்தப் பக்கம்தான், சங்கரத்தை" எண்டார். அதில நான் விழுந்திட்டன். எங்கட ஊர்ப் பிள்ளை, ஏமாத்த மாட்டான் எண்டு நினைச்சிட்டன். அது உண்மையோ பொய்யோ எண்டு இப்ப எனக்குத் தெரியாது.

என்ர போனை வாங்கி பின்பக்கத்தைக் கழட்டினார், என்னவோ ஊதினார், லைற் அடிச்சுப் பாத்தார். "அக்கா, இதுக்க அன்ரனாப் பகுதி பழுது, நெற்வேர்க்கில ஒரு பிரச்சினையும் இல்லை, இந்தப் போன் சிக்னலை இழுக்குதில்லை, திருத்தினாலும் ஒரு மாசம்தான், மாத்துறதுதான் நல்லம்" எண்டார். நெற்வேர்க்கில ஒரு பிரச்சினையும் இல்லை. இந்தச் சொல்லை ஞாபகம் வைச்சிருங்கோ, பிறகு வரும்.

நான் யோசிக்க, அவர் ஒரு புதுச் செற்றை எடுத்து, சீல் பெட்டி, எனக்கு முன்னாலதான் உடைச்சவர், என்ர சிம்மை அதுக்குள்ள போட்டுக் காட்டினார். கோடு முழுக்க நிறைஞ்சு நிண்டது. "இப்ப வீட்டுக்கு ஒரு கோல் எடுங்கோ அக்கா" எண்டார். எடுத்தன், இவரின்ர குரல் பக்கத்தில நிண்டு கதைக்கிற மாதிரிக் கேட்டது. எனக்கு அப்பிடியொரு சந்தோசம். அதில இருக்கிற சூட்சுமம் எனக்கு அண்டைக்கு விளங்கேல்ல: அது ரவுண். ரவுணில எந்தப் போனுக்கும் கோடு நிறையும். என்ர பழைய போனிலயும் கடைக்குள்ள கோடு முழுக்கத்தான் நிண்டிருக்கும், நான் திரும்பிப் பாக்கேல்ல, அவரும் பாக்க விடேல்ல, அதுக்குள்ள சிம்மைக் கழட்டிட்டார்.

விலை 97,500. பழைய போனுக்கு 11,000 கழிக்கிறன், 86,500 தாங்கோ எண்டார். கொம்பனி வாரண்டி இருக்கோ எண்டு கேட்டனான், கேக்காம இல்லை. "இது துபாய்ச் செற் அக்கா, ஒரிஜினல், கொம்பனி வாரண்டிக்குப் போனா நீங்கள் மாசக்கணக்கா அலையோணும், இது எங்கட கடை வாரண்டி ஒரு வருசம், என்னவெண்டாலும் நேர என்னட்ட வாங்கோ" எண்டு காட் ஒண்டில தன்ர நம்பரையும் எழுதித் தந்தார். எண்ணிக் குடுத்தன் 86,500. பில்லில "போன் 1" எண்டு மட்டும் எழுதியிருந்தது, அதையும் நான் வீட்டை வந்துதான் பாத்தனான்.

வீட்டை வந்து அண்டைக்குப் பின்னேரமே கோடு இல்லாமப் போட்டுது. பழைய போன் மாதிரியே. அதுமட்டுமில்லை, இதில இன்னொரு கரைச்சல், கோல் வந்தவுடன டேட்டா நிண்டிடும், கதைச்சு முடிச்சு கொஞ்ச நேரத்தாலதான் வட்ஸப் திரும்ப ஓடும். பழைய போனில அந்தக் கரைச்சல் இருக்கேல்ல.

அடுத்த நாள் எடுத்தன். அப்டேட் போடுங்கோ அக்கா எண்டார். போட்டன், டேட்டா தீந்ததுதான் மிச்சம். திரும்ப எடுக்க, சிம் பழசு, சிம்மை மாத்துங்கோ எண்டார். அதுக்கும் அடையாள அட்டையைக் கொண்டு போய், வரிசையில நிண்டு, அதே நம்பருக்குப் புதுச் சிம் எடுத்தன். அதே கதை. நத்தார் முடிய வாங்கோ எண்டார். முடிய, வருசம் பிறக்கட்டும். தை பிறந்து போனா, போனைத் தாங்கோ கொழும்புக்கு அனுப்பவேணும், ரெண்டு கிழமை. அந்த ரெண்டு கிழமை மூண்டரைக் கிழமை ஆச்சுது, நான் அயலட்டையில போன் கடன் வாங்கி ஓடர் எடுத்தன், தைப்பொங்கல் நேர ஓடர் எத்தினை போச்சு. வந்த போனில ஒண்டும் செய்யேல்ல, பெட்டிக்க ஒரு துண்டு கூட இல்லை. கொழும்புக்குப் போச்சுதோ லாச்சிக்க கிடந்துதோ ஆருக்குத் தெரியும்.

மாசியில போனால் முதலாளி இல்லை. பெடியன் "பொஸ் வெளியில அக்கா" எண்டான். உள்ள கதவுக்குப் பின்னால அவர் கதைக்கிற சத்தம் எனக்குக் கேக்குது. வட்ஸப்பில போட்டா நீலக் கோடு விழும், பதில் இல்லை. குரல் பதிவு போட்டன், அதையும் கேட்டிருக்கிறார். சரி, என்ர பழைய போனையாவது தாங்கோ, 11,000ஐ நானே தாறன் எண்டு கேட்டன். அது அடுத்த நாளே வித்துப் போச்சாம். அன்ரனா பழுதெண்ட போனை அடுத்த நாளே ஆர் வேண்டினது? அவருக்கு அந்தப் போன் நல்ல போன் எண்டு தெரிஞ்சிருக்குது, அதுதான் என்ர வயித்தை எரிக்கிறது.

போன கிழமை அக்கான்ர மகன் வந்தவன், போன் வேலை கொஞ்சம் தெரிஞ்ச பெடியன். அவன் செய்தது பெரிய விசயம் ஒண்டுமில்லை. கோடு போன நேரம் என்ர சிம்மைக் கழட்டித் தன்ர போனில போட்டான். அதிலயும் கோடு இல்லை. வேற நெற்வேர்க்கில இருக்கிற தன்ர சிம்மை என்ர போனில போட்டான், கோடு வந்திட்டுது. பக்கத்து வீட்டு மாமிட்டயும் கேட்டான், அவவும் என்ர நெற்வேர்க்தான், அவவுக்கும் இல்லை. "சித்தி, உங்கட பழைய போனில ஒரு பழுதும் இருந்திருக்காது, இந்தப் பக்கத்து டவர்தான் பிரச்சினை. ரெண்டு சிம் போடுற போன்தானே வைச்சிருந்தனீங்கள், வேற நெற்வேர்க் சிம் ஒண்டு எடுத்து மற்றப் பக்கத்தில போட்டிருந்தா காணும்" எண்டான். ஒரு சிம் எடுக்கிற காசில முடிஞ்சிருக்க வேண்டிய அலுவல். நான் 86,500 குடுத்திருக்கிறன்.

அதோட விட்டிருந்தாலும் பரவாயில்லை. *#06# அடிச்சு, ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியா இருக்கிற 15 இலக்க ஐஎம்ஈஐ நம்பரை எடுத்து 1909க்கு எஸ்எம்எஸ் போட்டுப் பாத்தான். பதிவு இல்லை எண்டு பதில் வந்தது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில பதியாத போனுகள் இனி இஞ்சத்தைய சிம்மோட பாவிக்கேலாது எண்டு 2025 தை கடைசியிலயே அறிவிச்சவை, அதுக்கு முதல் பாவனையில இருந்த போனுகளுக்குத்தான் விலக்கு. என்ரது மார்கழியில வேண்டினது. இண்டைக்கு வரைக்கும் வேலை செய்யுது, எண்டைக்கு வெட்டுவினமோ எண்ட பயத்தோடதான் வைச்சிருக்கிறன். கோல் வந்தா டேட்டா நிக்கிறதுக்கும் காரணம் சொன்னான். 4ஜியிலயே கோல் கதைக்கிற வோல்ட்டி எண்டு ஒண்டு இருக்காம், வேற நாட்டுக்கெண்டு செய்த செற்றுகள் சிலதில எங்கட நாட்டு நெற்வேர்க்குக்கு அது வேலை செய்யாதாம், அதால கோல் வந்தா போன் பழைய 2ஜிக்கு இறங்கிடும், டேட்டா நிண்டிடும். அந்த முதலாளிக்கு உது தெரியாமலோ இருந்திருக்கும்?

இந்த எல்லாத்தையும் எடுத்துக்கொண்டுதான் இண்டைக்குப் போனனான். இண்டைக்கு ஆள் நிண்டவர். கதிரை இல்லை, வாங்கோ இல்லை. நான் 1909 மெசேச்சைக் காட்டினன், பாக்கவே இல்லை. கவரேஜ் இல்லாததைச் சொன்னன். அப்ப சொல்லுறார், "நெற்வேர்க் பிரச்சினைக்கு நாங்கள் என்ன அக்கா செய்யிறது, டவர்க்காரரிட்டப் போய்க் கேளுங்கோ". அதே வாய். நெற்வேர்க்கில ஒரு பிரச்சினையும் இல்லை, போன்தான் எண்டு சொல்லி 86,500 வாங்கின அதே வாய். எனக்குக் கண்ணுக்கால தண்ணி வந்திட்டுது, கடையில நிண்ட மற்றச் சனம் எல்லாம் பாக்குது. கடை வாரண்டி எங்க எண்டன், பாவிச்ச போனுக்கு வாரண்டி இல்லையாம். பாவிக்காம வைச்சுப் பாக்கவோ போன் வேண்டுறது? "வித்த சாமான் திருப்பி எடுக்கிறேல்ல" எண்டு சுவரில ஒட்டியிருக்கிறதைக் கையால காட்டினார்.

பஸ்ஸில வரேக்கதான் அக்கான்ர மகன் எடுத்துச் சொன்னவன், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில முறைப்பாடு குடுக்கிறதெண்டா வேண்டின நாளில இருந்து மூண்டு மாசத்துக்குள்ள எழுத்தில குடுக்கோணுமாம், 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தில இருக்குதாம். நான் வேண்டினது மார்கழி 11. இண்டைக்கு பங்குனி 3. எட்டு நாள்தான் கிடக்கு. நத்தார் முடியட்டும், வருசம் பிறக்கட்டும், கொழும்புக்கு அனுப்புவம் எண்டு அந்த மனுசன் இழுத்த ஒவ்வொரு கிழமையும் இப்ப எனக்கு வேற மாதிரித் தெரியுது.

கன விசயம் எழுதோணும் எண்டுதான் தொடங்கினனான், தலை இடிக்குது, முக்கியமானதை மட்டும் சொல்லுறன். கவரேஜ் போகுதெண்டு போனை மாத்த முதல் உங்கட சிம்மை வேற ஆளின்ர போனில, உங்கட வீட்டில வைச்சே போட்டுப் பாருங்கோ, ரவுணில கடைக்குள்ள கோடு நிறையிறதைப் பாத்து நம்பாதேங்கோ. காசு குடுக்க முதல் *#06# அடிச்சு, இங்கிலீசில ஐஎம்ஈஐ எண்டு ரைப் பண்ணி ஒரு இடைவெளி விட்டு அந்த 15 நம்பரையும் போட்டு 1909க்கு அனுப்புங்கோ, கடையில நிண்டே அனுப்புங்கோ, பதில் வந்தாப் பிறகு காசை எண்ணுங்கோ. அந்த நம்பரைப் பில்லில எழுதச் சொல்லுங்கோ. கேட்டா பில் தரவேண்டியது கடைக்காரரின்ர கடமை, உதுவும் அந்தச் சட்டத்திலயே இருக்குது. பழைய போனை உடன குடுக்காதேங்கோ, 11,000க்கு ஆசைப்பட்டு நான் குடுத்திட்டன், அது இருந்திருந்தா ஒப்பிட்டுப் பாத்து அடுத்த நாளே பிடிச்சிருப்பன். ஆரும் அடுத்த கிழமை வாங்கோ எண்டு ரெண்டு தரம் சொன்னா மூண்டாந்தரம் போகாதேங்கோ, நேர பாவனையாளர் அதிகார சபையின்ர 1977க்கு அடியுங்கோ.

நாளைக்குக் காலமை முறைப்பாடு குடுக்கக் கச்சேரிக்குப் போறன். பில்லில ஐஎம்ஈஐ நம்பர் இல்லாதபடியா அது வேற போன் எண்டு அவர் மாறிச் சொல்லலாம் எண்டு இவர் பயப்படுறார். நல்லகாலம் பெட்டியை நான் எறியேல்ல, அதில நம்பர் ஒட்டியிருக்கு, அவர் தன்ர கையால நம்பர் எழுதித் தந்த காட்டும் இருக்கு, வட்ஸப் மெசேச் எல்லாத்தையும் மகள் படமா எடுத்து வைச்சிட்டா. ஆரும் மார்கழியில உப்பிடிக் கடையொண்டில துபாய்ச் செற் எண்டு வேண்டியிருந்தா இண்டைக்கே 1909க்கு ஒருக்கா எஸ்எம்எஸ் போட்டுப் பாருங்கோ, உங்களுக்கும் நாள் முடியப்போகுது.