வாசல் ஒன்று, திரும்பி வருவது யார்?

செல்லின் மேல்சவ்வில் நின்று, வெளியிலிருந்து வரும் சரக்கைப் பிடிக்கும் புரதங்கள்தான் ஏற்பிகள். கொலஸ்ட்ரால் சுமக்கும் கொழுப்புத் துகளைப் பிடிக்கும் எல்.டி.எல். ஏற்பி, இரும்பு சுமக்கும் புரதத்தைப் பிடிக்கும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி, செல்லை வளரச் சொல்லும் புரதத்தைப் பிடிக்கும் இ.ஜி.எஃப். ஏற்பி மூன்றையும் பாடப்புத்தகம் ஒரே படத்தில் போட்டு முடித்துவிடும். பெரிய தப்பில்லை. மூன்றுமே பெரும்பாலும் கிளாத்ரின் என்ற புரதம் பின்னும் கூடைக்குள் விழுந்துதான் செல்லுக்குள் போகின்றன. கிளாத்ரின் மூலக்கூறுக்கு மூன்று கால்கள். அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள, சவ்வு உள்பக்கமாகக் குழியும். குழியின் கழுத்தை டைனமின் என்ற இன்னொரு புரதம் நெரித்துத் துண்டிக்கும்.

அடுத்த நிறுத்தம் எண்டோசோம், உள்ளே வந்த சரக்கைப் பிரித்தனுப்பும் சிறு பை. அங்கே புளிப்பு அதிகம், பிஎச் 6 பக்கம் இறங்கிவிடும். கொண்டுவந்த சரக்கை அந்த அமிலத்தில் ஏற்பி விடுகிறதா, பிடித்துக்கொள்கிறதா? என்னைக் கேட்டால், ஒப்பிட வேண்டியது இதைத்தான்.

எல்.டி.எல். ஏற்பி விட்டுவிடும். கொழுப்புத் துகள் லைசோசோம் என்ற செரிமானப் பைக்குப் போய்ச் சிதையும். ஏற்பி வெறுங்கையோடு மேலே வரும். ஒரு சுற்றுக்குச் சுமார் 10 நிமிடம்தான். ஆனால் பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் வெளியிலேயே ஏற்பியில் ஒட்டிக்கொண்டால் நிலைமை வேறு. அமிலத்தில் அதன் பிடி இன்னும் இறுகி, ஏற்பியையும் லைசோசோமுக்கே இழுத்துப் போய்விடும். மேலே ஏற்பி குறைய, ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறும். அமெரிக்காவில் 2015-ல் அனுமதி பெற்ற எவோலோகுமாப், அலிரோகுமாப் ஊசிகள் இந்தப் பி.சி.எஸ்.கே.9-ஐத்தான் மடக்குகின்றன. ஏற்பியைத் தொடுவதேயில்லை.

வாசலும் லேசுப்பட்டதல்ல. இந்த ஏற்பி ஆய்வுக்காக 1985-ல் நோபல் பெற்ற பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் டல்லாஸில் ஒரு நோயாளியின் செல்களைப் பார்த்தார்கள். எல்.டி.எல். துகள் ஏற்பியில் ஒழுங்காக ஒட்டியது, ஆனால் ஏற்பி குழிக்குள் சேரவில்லை. செல்லுக்குள் நீளும் அதன் வாலில், 807-ஆம் இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் சிஸ்டீன் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு.

டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி சிக்கனக்காரர். அமிலத்தில் இரும்பை மட்டும் இறக்கிவிட்டு, அதைச் சுமந்துவந்த புரதத்தை விடாமல் மேலே கூட்டிவரும். வெளியே பிஎச் 7.4 பட்டதும் அது கழன்றுகொள்ளும், அடுத்த நடைக்கு.

இ.ஜி.எஃப். ஏற்பி பிடித்த பிடியை விடாது. சிபிஎல் என்ற நொதி அதன்மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தைச் சீட்டுபோல ஒட்டும்; அப்புறம் இரண்டுமே லைசோசோமில் சிதையும். செல்லுக்கு இது தேவைதான், வளர்ச்சிக் கட்டளையை எங்காவது நிறுத்தியாக வேண்டுமே. சரி, அதே ஏற்பியில் டி.ஜி.எஃப்.-ஆல்ஃபா என்ற இன்னொரு வளர்ச்சிப் புரதம் ஒட்டினால்? அது அமிலத்தில் சுலபமாகக் கழன்றுவிடுவதால், ஏற்பிகளில் பெரும்பாலானவை மேலே திரும்பி மறுபடியும் கட்டளை வாங்கத் தயாராக நிற்கும்.