கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம்: காசிமேட்டுப் பிள்ளைகளோடு ஒரு நாள்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் ஏழு குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சிறு குழு எங்களுடையது. காசிமேடு, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் என்று வடசென்னையில் சிதறிக் கிடக்கும் நாங்கள் வாரம் இருமுறை யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடுகிறோம். ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரை 11 பிள்ளைகள். தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, கோட்டூர்புரத்தில் உள்ள பிர்லா கோளரங்கத்துக்கும் அதே வளாகத்தில் இருக்கும் அறிவியல் காட்சிக்கூடங்களுக்கும் இவர்களை அழைத்துக்கொண்டு போய்வந்தோம். எங்களைப் போலப் பள்ளியின் பெயரோ முத்திரையோ இல்லாமல் பிள்ளைகளோடு புறப்பட நினைக்கும் பெற்றோரை மனத்தில் வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளரங்கத்தின் தமிழ்க் காட்சி ஒன்றுக்காகவே இந்தப் பயணம் தகும். ஆனால் அங்கே போவதற்கு முன் பிள்ளைகள் தங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் வானத்தைச் சில இரவுகளாவது அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் வானம் பார்ப்பது எளிதான காரியம் அன்று. துறைமுகத்தின் உயரமான விளக்குகளும், எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளும், வடக்கே நெடுந்தொலைவு எரிந்துகொண்டிருக்கும் ஆலை வெளிச்சமும் சேர்ந்து இரவை முழுதாக இருட்ட விடுவதில்லை. அதனால் பயணத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே, குழுவில் உள்ள ஒரு பையனுடைய தாத்தாவைத் தேடிப் போனோம். நாற்பது ஆண்டுகள் கட்டுமரத்திலும் பிறகு விசைப்படகிலும் கடலுக்குப் போனவர் அவர். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்ததும், "கார்த்திகை மாசத்துல பொழுது சாயசொல்ல ஆறாமீன் கெழக்கால ஏறும். அது உச்சிக்கு வந்துச்சுன்னா நடுராத்திரி. எங்களுக்கு அதான் கடியாரம்" என்று தொடங்கினார். ஆறாமீன் என்று அவர் சொன்னது கார்த்திகைக் கூட்டத்தை. தை மாதத்தில் அது இரவு எட்டு மணி அளவிலேயே உச்சியை நெருங்கிவிடுகிறது என்பதைப் பிள்ளைகள் அடுத்தடுத்த இரவுகளில் தாங்களே கண்டு எழுதி வைத்தார்கள். ஆறு விண்மீன்களையும் எண்ண முடிந்தவர்கள் இருவர்தான். மற்றவர்களுக்கு வெண்மையான ஒரு தீற்றலாகவே தெரிந்தது.

துருவ விண்மீன்தான் அகப்படவே இல்லை. ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, அடிவானத்திலிருந்து அவ்வளவு பாகை உயரத்தில்தான் துருவ விண்மீன் நிற்கும். சென்னையின் அட்சரேகை ஏறத்தாழ 13 பாகை. கையை நேராக நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை வரும்; அதற்கு மேல் இரண்டு விரல் வைத்தால் அந்த இடம். பாகைமானியில் நூலைக் கட்டி, நூலின் முனையில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, உறிஞ்சுகுழல் வழியே பார்க்கும் கருவி ஒன்றையும் செய்துகொண்டார்கள். கருவி சரியாகத்தான் இருந்தது. ஆனால் காசிமேட்டிலிருந்து வடக்கே பார்த்தால் 13 பாகை உயரம் என்பது எண்ணூர் வெளிச்சத்துக்குள் மூழ்கிப்போகும் உயரம். ஐந்து இரவுகள் முயன்றும் காணாத அந்த விண்மீனை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பிள்ளைகள் கோளரங்கத்துக்குப் புறப்பட்டார்கள். அந்த ஏமாற்றம் எவ்வளவு பெரிய முதலீடு என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

ஏற்பாடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு ஒருமுறை நகரின் வேறொரு காட்சியகத்துக்குப் போனபோது, எந்தப் பள்ளி என்று கேட்டு, போனஃபைடு சான்றிதழ் இல்லாமல் குழுவாக விட முடியாது என்று நுழைவுச்சீட்டு அறையில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற பிள்ளைகளின் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இம்முறை பிள்ளைகளின் பெயர், வயது, உடன் வரும் பெரியவர்களின் பெயர் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, எல்லாப் பெற்றோரும் கையெழுத்திட்டு, ஆதார் நகல்களோடு கொண்டு போனோம். முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்பதையும் உறுதி செய்துகொண்டோம். கோட்டூர்புரத்தில் அந்தத் தாளை எடுத்துக் காட்ட வேண்டிய தேவையே ஏற்படவில்லை. தனித்தனிச் சீட்டு வாங்கினோம், உள்ளே போனோம். இருந்தாலும் அத்தகைய ஒரு தாள் கையில் இருப்பது நல்லது என்பதே என் எண்ணம்.

போக்குவரத்துக்கு வேன் வேண்டாம் என்று முடிவு செய்ததற்கும் ஓர் அனுபவம்தான் காரணம். சென்ற ஆண்டு நாங்கள் அமர்த்திய வேன் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்ததில் ஒரு காட்சியைத் தவறவிட்டோம். இம்முறை ராயபுரம் ரயில் நிலையத்தில் கூடினோம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராணிப்பேட்டை அருகே உள்ள வாலாஜா சாலை நிலையத்துக்குப் புறப்பட்ட நிலையம் அது. அதன் தூண்களை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வண்டியேறினோம். அடுத்த நிலையமே கடற்கரை. அங்கே இறங்கி, மேம்பாலத் தடத்தில் ஓடும் பறக்கும் ரயிலில் மாறி உட்கார்ந்தால் கோட்டூர்புரம் வரை நேராகப் போய்விடலாம். சாலை நெரிசலுக்கு இதில் இடமே இல்லை என்பது ஒரு வசதி. சன்னல் வழியே கூவத்தையும், வழிநெடுகப் பக்கிங்காம் கால்வாயையும், பசுமைவழிச் சாலை நிலையம் தாண்டியதும் அடையாற்றையும் மேலிருந்து பார்க்க முடிவது இன்னொரு வசதி. எங்கள் வீட்டுப் பக்கம் ஓடும் அதே கால்வாய்தான் இங்கேயும் வருகிறது என்று தெரிந்ததும் திருவொற்றியூர்ப் பிள்ளைகள் இருவர் சன்னலை விட்டு நகரவில்லை. நிலையத்திலிருந்து கோளரங்கம் நடக்கும் தொலைவுதான்; சிறு பிள்ளைகள் இருந்தால் அதற்குக் கூடுதலாகக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

இனி, கோளரங்கம். 1988-இல் திறக்கப்பட்ட இதன் குவிமாடம் 15 மீட்டர் விட்டம் கொண்டது. 236 பேர் அமரலாம். உள்ளே குளிர்சாதன வசதி உண்டு. வெயிலிலிருந்து நேராக உள்ளே போனால் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும் என்பதால், இருக்கையில் அமர்ந்ததும் விளக்கு அணையும் வரை கண்ணை மூடிக்கொண்டிருக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். ஐந்து வயதுக்காரி மட்டும் இருட்டைக் கண்டு அஞ்சித் தன் அம்மாவின் மடிக்குப் போய்விட்டாள். மிகச் சிறிய பிள்ளைகளை நடைபாதை ஓரத்து இருக்கையில் அமர்த்திக்கொள்வது நல்லது. எழுந்து வெளியே போக நேர்ந்தாலும் மற்றவர்களுக்கு இடையூறு இருக்காது.

விளக்குகள் அணைந்து, சென்னையின் இரவு வானம் எண்ணூர் வெளிச்சமும் துறைமுக விளக்குகளும் இல்லாமல் தலைக்கு மேல் விரிந்த அந்த முதல் நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். அரங்கம் முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. எங்கள் வரிசையில் மட்டும் வேறொன்று நடந்தது. "வடக்கு எங்கம்மா?" என்று என் பன்னிரண்டு வயது மகள் காதருகே கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் கையை நீட்டி முட்டியை மடக்கிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தேன். அந்த மங்கலான ஒளியில் வரிசை நெடுக ஏழெட்டுக் கைகள் நீண்டிருந்தன. ஐந்து இரவுகளாக அகப்படாத துருவ விண்மீனை ஒவ்வொருவரும் தம் முட்டியை வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். ஆறாமீன் தெரிந்தபோது தாத்தாவின் பேரன் எழுந்து நின்றே விட்டான். அவனை உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

தமிழ்க் காட்சியும் ஆங்கிலக் காட்சியும் வெவ்வேறு நேரங்களில் நடப்பதால், நேரத்தைத் தவறவிட்டால் கிடைத்த மொழியில்தான் பார்க்க வேண்டியிருக்கும். தமிழ்க் காட்சிக்காகக் காத்திருந்தேனும் பாருங்கள் என்றே சொல்வேன். எங்கள் குழுவில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தாய்மார் இருவர் இருக்கிறார்கள். கோள்களின் நகர்வைப் பற்றி அவர்கள் வெளியே வந்ததும் கேட்ட கேள்விகள், பிள்ளைகள் கேட்டவற்றைவிடக் கூர்மையாக இருந்தன. வீட்டில் பாடம் சொல்லித் தருபவர்களே அவர்கள்தாம் என்பதால் அவர்களுக்குப் புரிவது பிள்ளைகளுக்குப் புரிவதைவிட ஒரு படி முக்கியம் என்று நினைக்கிறேன்.

தென்வானத்தைக் காட்டியபோது நான் மகளிடம் மெல்லச் சொன்ன ஒரு செய்தியை இங்கே பதிய விரும்புகிறேன். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த மதராஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளி மாறும் விண்மீனைக் கண்டறிந்தார். அது சென்னையிலிருந்து பார்க்கையில் தெற்கு அடிவானத்துக்கு மேல் 14 பாகைக்கு மிகாத உயரத்தில்தான் வரும். வடக்கே துருவ விண்மீன் நிற்கும் உயரத்துக்கு ஏறத்தாழச் சமம். நம்மால் வடக்கில் பார்க்க முடியாமல் போன உயரத்தில், நம் ஊரிலேயே ஒருவர் தெற்கில் ஒரு விண்மீனைக் கண்டுபிடித்திருக்கிறார் என்றதும் அவள் வெகுநேரம் பேசவில்லை.

மதியம் மர நிழலில் புளிசாதப் பொட்டலங்களைப் பிரித்தபோது ஒரு சண்டை தொடங்கியது. துருவ விண்மீன் ஒரு முட்டி உயரம்தான் இருந்தது என்றான் ஒருவன். ஒரு முட்டியும் நான்கு விரலும் என்றாள் இன்னொருத்தி. இருவரும் சரியாகத்தான் அளந்திருந்தார்கள். உண்மையான வானத்தில் விண்மீன் எட்டாத் தொலைவில் இருப்பதால் ஒரே ஊருக்குள் நாம் எங்கே நின்றாலும் உயரம் மாறாது. குவிமாடத்தில் அதன் புள்ளி ஏழரை மீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத் தயாராகும் மூத்தவர்கள் இருவரும் தாளை எடுத்துப் படம் வரைந்தார்கள். கண்மட்டம் குவிமாடத்தின் விளிம்போடு ஒத்திருப்பதாக வைத்துக்கொண்டால், நடுவில் இருப்பவருக்கு 13 பாகையில் தெரிவது, வடக்கு நோக்கி இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்தவருக்கு ஏறத்தாழ பதினேழரை பாகையிலும், தெற்கே இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்தவருக்கு 10 பாகைக்குச் சற்று மேலும் தெரியும். முக்கோணவியலில் வரும் டேன்ஜென்ட் எதற்குப் பயன்படும் என்று ஆண்டு முழுவதும் என்னைக் கேட்டவன் தானே அதைக் கணக்கிட்டுச் சொன்னான். உணவு ஆறிப்போனது, யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அறிவியல் காட்சிக்கூடங்களில் இயற்பியல், ஆற்றல், உயிரியல், போக்குவரத்து எனப் பல பிரிவுகள் உண்டு; பன்னாட்டுப் பொம்மைகளுக்கும் ஒரு கூடம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முயல்வது வீண். ஆளுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதன் முன் இருபது நிமிடம் இருந்து வரைய வேண்டும் என்பதே நாங்கள் வைத்த ஒரே விதி. பள்ளிக் குழுக்கள் அலை அலையாக வந்து கடக்கும்போது இதைக் கடைப்பிடிக்கச் சற்றுப் பொறுமை வேண்டும். கூட்டம் கடந்து போகும் வரை ஒதுங்கி நின்றுவிட்டுத் திரும்ப வந்தால் போதும்.

வளாகத்தில் நிற்கும் மாருத் விமானம் எங்கள் பையன்கள் மூவரைப் பிடித்துக்கொண்டது. ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் தலைமையில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய அந்தப் போர் விமானம் முதலில் பறந்தது 1961 ஜூன் 17 அன்று. உடன் வந்த தந்தை ஒருவர் திருவொற்றியூரில் வெல்டராக வேலை செய்பவர். விமானத்தின் தகடுகளை ஏன் பற்றவைக்காமல் ஆணி அடித்து இணைக்கிறார்கள் என்று ஒரு பையன் கேட்க, அலுமினியக் கலவைத் தகட்டைச் சூடாக்கினால் பற்றவைத்த இடத்தைச் சுற்றி அதன் வலிமை குறைந்துவிடும், ரிவெட் அடித்தால் தகட்டுக்குச் சூடே படாது என்று அவர் விளக்கினார். தம் தொழிலைப் பற்றிப் பிள்ளைகள் நடுவில் அவர் இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. நேரமிருந்தால் அருகிலேயே அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவுக்கும் போகலாம். எங்களுக்கு நேரம் இல்லை. திரும்பும் வழியில் கடற்கரை நிலையத்துக்கு எதிரே அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுத்தான் ராயபுரம் வண்டியைப் பிடித்தோம்.

அடுத்த பயணத்துக்கு ஏப்ரல் 24-ஐக் குறித்து வைத்திருக்கிறோம். அன்று ஏறத்தாழ 12.07 மணிக்குச் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வரும்; செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் விழாது. கோளரங்க வளாகத்தில் ஐந்து பேரும், காசிமேட்டில் தாத்தாவோடு ஆறு பேரும் ஒரே நேரத்தில் குச்சி நட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. இரண்டு இடத்திலும் நிழல் ஒரே நிமிடத்தில்தான் மறையுமா என்று என் மகள் கேட்டிருக்கிறாள். பதிலை நான் சொல்லவில்லை.