சின்னப் பொட்டா, பெரிய பொட்டா: .45 கூடுகளைப் பிரிக்க எந்த வழி?

காரைக்குடியில் நாற்பது வருஷம் பாத்திரக் கடை நடத்தியவனுக்குப் பித்தளையில் புதிதாகத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். போன வருஷம் டெக்சாஸில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது, மாப்பிள்ளை ஒரு பக்கெட் நிறையச் சுட்ட தோட்டாக் கூடுகளைக் கொண்டுவந்து வைத்தார். "மாமா, பொழுது போகலைன்னீங்களே, இதைக் கொஞ்சம் பிரிச்சுக் கொடுங்க."

அங்கே காலிக் கூட்டை மறுபடி நிரப்புவது கராஜில் செய்கிற பொழுதுபோக்கு. இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் பட்டறை போட வேண்டாம்.

கூட்டின் அடியில், நடுவில் பிரைமர் இருக்கும். தீபாவளிப் பொட்டு வெடி மாதிரிதான், ஊசி தட்டினால் பொறி பறக்கும். கைத்துப்பாக்கித் தோட்டாவில் இது இரண்டு அளவில் வருகிறது: சின்னது 0.175 அங்குலம், பெரியது 0.210 அங்குலம். 9 எம்.எம்., .38, .357 எல்லாம் சின்னது; .44 மேக்னம் பெரியது. அவற்றில் குழப்பமில்லை. வம்பு .45 ஏ.சி.பி. என்கிற தோட்டாவில்தான். ஆரம்பத்திலிருந்து பெரியதாகவே இருந்த இதில், பிற்காலத்தில் சில கம்பெனிகள் சின்னதையும் போட ஆரம்பித்தன, குறிப்பாக ஈயம் கலக்காத பிரைமர் வந்த பிறகு. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

மாப்பிள்ளை முதலில் சொன்ன வழி, அடியில் உள்ள முத்திரையைப் படித்துப் பிரிப்பது. எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்குகிறவருக்குத் தெரியும்: அண்டாவில் வெட்டியிருக்கும் பேர் ஒருவருடையது, அது வந்த வீடு வேறொருவருடையது. இங்கேயும் அதே கதை. ஃபெடரல் என்கிற ஒரே கம்பெனி முத்திரையிலேயே இரண்டு அளவும் உண்டு. 'என்.டி.' (நச்சில்லாதது, அதாவது ஈயம் கலக்காதது) என்று இருந்தால் பெரும்பாலும் சின்னது, அவ்வளவுதான் சொல்லலாம். அதிலும் அந்த எழுத்தைப் படிக்க என் வயதுக்கு பூதக்கண்ணாடி வேண்டும்.

இரண்டாவது வழி, பிரிக்காமலே பிரஸ்ஸில், அதாவது கூட்டை மறுபடி நிரப்புகிற இயந்திரத்தில், போடுவது. மாட்டுகிறதை அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு முறை கைப்பிடியை இழுக்கும்போதும் நாலைந்து வேலை சேர்ந்து நடக்கிற பிரஸ் அது. சின்னக் குழியில் பெரிய பிரைமர் போய் முட்டும். நிதானமான கை உடனே நின்றுவிடும். அவசரக் கை இன்னொரு அழுத்து அழுத்தும். மாப்பிள்ளை கை அன்று அவசரக் கை. பிரைமர் கோணலாக நசுங்கியது. வெடிக்கவில்லை, ஆனால் வெடிக்கக்கூடியது. பக்கத்தில் குழாயில் இன்னும் எத்தனையோ பிரைமர் அடுக்கியிருக்கிறது. மீன் முள்ளை விழுங்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற வழி இது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தாலும் எனக்குச் சம்மதமில்லை.

பிரைமரைத் தனியாக, கைக்கருவியில் பொருத்துவது மூன்றாவது. விரலுக்கே எதிர்ப்பு தெரியும், அதனால் நல்ல வழிதான். ஆனால் ஆயிரம் கூட்டுக்குக் கட்டை விரல் போய்விடும்.

நான்காவதைக் கண்டுபிடித்தது எங்கள் வீட்டு ஆச்சி. "சொளகு இருந்தா அரை நாழியில ஆயிரும்" என்றாள். சமையல் பாத்திரம் எதையும் தொடக் கூடாது, பிரைமர் கரியில் ஈயம் உண்டு என்று மாப்பிள்ளை தடுத்து, அட்டைப் பெட்டி மூடி ஒன்றைக் கொடுத்தார். பழைய பிரைமரோடே கூடுகளைச் சுழல் உருளையில் போட்டுப் பளபளக்க வைத்தாயிற்று. பிறகு மூடியில் நெருக்கமாக, வாய் கீழாக, அடி மேலே தெரியும்படி அடுக்கினாள். அவ்வளவுதான். ஐம்பது நெற்றி வரிசையாக நிற்க, நடுவே சின்னப் பொட்டு வைத்த மூன்று பளிச்சென்று தெரிந்தன. அகலமான பித்தளை வளையம்தான் காட்டிக்கொடுக்கிறது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கும்போது கண் ஏமாறும். கூட்டத்தில் வைத்தால் ஏமாறாது. பல்லாங்குழியில் சோழி எண்ணிப் பழகிய கண். நான் ஒரு வரிசை முடிப்பதற்குள் அவள் மூன்று முடித்துவிட்டாள். அப்புறம் இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் காபி.

என் ஓட்டு இதற்குத்தான். பிரஸ்ஸில் கைப்பிடி முரண்டு பண்ணினால் நிறுத்துகிற பழக்கமும் கூடவே வேண்டும். ஆயிரத்தில் ஒன்று யார் கண்ணிலும் தப்பும்.

பிரித்தெடுத்த சின்னதை என்ன செய்வது? எடைக்குப் போடலாம் என்றேன், கடைக்காரப் புத்தி. மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. 2020-க்குப் பிறகு அமெரிக்காவில் பிரைமர் கிடைக்காமல் அல்லாடியபோது, 9 எம்.எம்.முக்கு வாங்கி வைத்திருந்த சின்னதே இந்த .45 கூடுகளுக்கும் உதவியதாம். மிதமான வெடிமருந்தளவில் இரண்டும் ஒழுங்காகவே சுடும். பிரைமர் மாறினால் மருந்தளவைக் குறைத்துத் தொடங்கி மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். புல் மண்டிய இடத்தில், கூட்டைத் தேடி எடுக்க முடியாத இடத்தில் சுடுவதற்கென்று ஒரு காபி டப்பாவில் தனியாகப் போட்டு வைத்திருக்கிறார். டப்பா மேல் பேனாவால் ஒரு சின்னப் பொட்டு.