மொட்டை மாடியா, சோலார் உலர்த்தியா? ஏற்றுமதிக் கறிவேப்பிலைக்கு எது சரி?

மொட்டை மாடியில் விரித்தால் செலவே கிடையாது. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. பாதி காய்ந்த இலையில் ஒரு சாரல் பட்டால் போதும், பூஞ்சணம் பிடித்துவிடும். நேர் வெயிலில் பச்சை நிறமும் வெளுக்கும், மணமும் குறையும்.

அதைவிட முக்கியம், தாவர நலச் சான்றிதழ். வாங்கும் நாடு அதைக் கேட்டால், மத்திய அரசின் தாவரத் தடுப்புக்காப்பு அலுவலர் சரக்கைச் சோதிப்பார். உயிருள்ள பூச்சி, மண், களை விதை எதுவும் இருக்கக் கூடாது. மாடியில் காய்ந்த இலையை ஒரு கை அள்ளி வெள்ளைத் தாளில் உதறிப் பாருங்கள். மணல் உதிரும், சில நேரம் ஒரு புள்ளி நகரும். அந்தப் புள்ளி வண்டாக இருந்தால் சான்றிதழ் சிக்கல்தான்.

சோலார் உலர்த்திக்கு முதலீடு வேண்டும், மழை நாளில் ஹீட்டரும் தேவை. ஆனாலும் மூடிய கூடத்தில் தூசியும் பூச்சியும் அண்டாது. சூட்டை 50 டிகிரி அளவில் வைத்து, ஈரப்பதத்தை 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரலாம். காய்ந்ததும் ஆறவிட்டு, உடனே காற்றுப் புகாத பையில் அடைக்க வேண்டும்.

உள்ளூர்க் கடைக்கு மாடியே போதும். ஏற்றுமதி என்றால் உலர்த்திதான், நாலு பேர் சேர்ந்தாவது வாங்குங்கள்.

அப்புறம், எப்படிக் காயவைத்தாலும் பூச்சிமருந்து எச்சம் போகாது. தாவர நலச் சான்றிதழும் அதற்கு உறுதி தராது. அதற்கு ஆய்வகச் சோதனை தனியாக வேண்டும்.