பேச்சுத்துணை தேடுவோருக்கு லண்டன் பார்க்ரன்

வேலை கிடைத்து லண்டனுக்கு வருபவர்களுக்கு வீடு பார்க்கவும், வங்கிக் கணக்குத் தொடங்கவும், மருத்துவரிடம் பதிவு செய்துகொள்ளவும் வழிகாட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள். சனி, ஞாயிறு வந்தால் யாருடன் பேசுவது என்பதற்கு வழி சொல்லத்தான் ஆள் இல்லை. அலுவலகத்தில் அன்பாகப் பழகுபவர்கள் வெள்ளிக்கிழமை மாலையோடு அவரவர் குடும்பத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் குறையைத் தீர்க்க நான் இந்த நகரத்தில் கண்ட வழிகளுள் முதலிடம் பெறுவது பார்க்ரன். உடற்பயிற்சி என்ற வகையில் அதன் சிறப்பைப் பலர் எழுதிவிட்டார்கள். ஊருக்குப் புதியவர் நான்கு பேரை அறிந்துகொள்ள அது எவ்வளவு உதவும் என்பதை மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன்.

இங்கிலாந்தில் சனிக்கிழமைதோறும் காலை 9 மணிக்குப் பொதுப் பூங்காக்களில் 5 கிலோமீட்டர் தூரத்தை ஓடியோ நடந்தோ கடக்கும் ஏற்பாடு இது. கட்டணம் கிடையாது. இணையத்தில் ஒரே ஒரு முறை பதிவு செய்தால் நமக்கென்று ஒரு பார்கோடு தருவார்கள். எந்த ஊர்ப் பூங்காவானாலும், பார்க்ரன் நடக்கும் வேறு எந்த நாடானாலும் அதுவே செல்லும். 2004ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, லண்டனின் தென்மேற்கிலுள்ள புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹெவிட் என்பவர் 13 பேரை ஓடவிட்டு இதைத் தொடங்கினார். அவர் ஜிம்பாப்வேயில் பிறந்து, தென்னாப்பிரிக்காவில் வளர்ந்து, பிறகு இங்கிலாந்துக்கு வந்தவர். காயத்தால் ஓட முடியாமலும் வேலையை இழந்தும் இருந்த நாட்களில், ஓட்டக்கார நண்பர்களை வாரம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்ற விருப்பமே அவரை இதில் இறக்கியது. வேறு நாட்டிலிருந்து வந்த ஒருவர் தம் நண்பர்களைப் பார்ப்பதற்காகத் தொடங்கிய ஏற்பாடு, இன்று நம்மைப் போன்றவர்களுக்கு நண்பர்களைத் தேடித் தருவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஓடத் தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. முழுத் தூரத்தையும் நடந்தே கடப்பவர்கள் வாரந்தோறும் வருகிறார்கள். எல்லோருக்கும் பின்னால் வருவதையே பணியாகக் கொண்ட தொண்டர் ஒருவர் ஒவ்வொரு நிகழ்விலும் இருப்பதால், பங்கேற்பவர் எவரும் கடைசி ஆளாக வந்து சேர்வதில்லை. புறப்படுவதற்கு முன் புதியவர்களைத் தனியே அழைத்துப் பாதையையும் நடைமுறையையும் விளக்குவார்கள். அங்கே நிற்கும் எல்லோரும் நம்மைப் போலவே முதல் முறை வந்தவர்கள் என்பதால் பேச்சுத் தொடங்குவது எளிது.

ஆனால் ஓடுவதால் மட்டும் நட்பு கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஓடும்போது மூச்சு வாங்குகிறது, பேச முடிவதில்லை; முடிந்ததும் அவரவர் வழியே கலைந்துபோகிறார்கள். நட்பு கிடைப்பது தொண்டில்தான். நிகழ்வு முழுவதையும் நடத்துபவர்கள் அந்தந்தப் பகுதித் தொண்டர்கள். வளைவில் நின்று வழிகாட்ட, நேரம் குறிக்க, பார்கோடு படிக்க என்று எப்போதும் ஆள் வேண்டியிருக்கிறது. முன் அனுபவம் எதுவும் தேவையில்லை. வளைவில் நிற்கும் தொண்டருக்கு மார்ஷல் என்று பெயர். ஒளிரும் மேலங்கியை மாட்டிக்கொண்டு அங்கே நின்று கைதட்டினால், மூச்சிரைக்க ஓடிவருபவர்கள்கூட ‘தேங்க்யூ மார்ஷல்’ என்று சொல்லிவிட்டுத்தான் கடக்கிறார்கள். புதிய ஊரில் முன்பின் தெரியாத அத்தனை பேர் நம்மைப் பார்த்து நன்றி சொல்லும் இடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

என் பரிந்துரை டோக்கன் அடுக்கும் பணி. முடிவுக் கோட்டைத் தாண்டுபவர் ஒவ்வொருவருக்கும் அவர் வந்த வரிசை எண்ணுள்ள சிறிய பிளாஸ்டிக் டோக்கன் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அதையும் அவருடைய பார்கோடையும் சேர்த்துப் படித்த பின் வாளியில் போட்டுவிடுவார்கள். தொடக்க காலத்தில் இதற்கு இரும்புக்கடை வாஷர்களைப் பயன்படுத்தினார்களாம். அந்த டோக்கன்களை அடுத்த வாரத்துக்காக ஒன்று முதல் வரிசையாக மீண்டும் அடுக்கியாக வேண்டும். எங்கள் பூங்காவில் இந்த வேலை பக்கத்துக் காபிக் கடையின் நீள மேசையில் நடக்கிறது. மேசை மேல் டோக்கன்களைக் கொட்டி, ஒருவர் நூறுகளைப் பிரிக்க, இன்னொருவர் பத்துகளைச் சேர்க்க, ‘இருநூற்றுப் பதினேழைக் காணோமே, யாராவது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்களா?’ என்று எல்லோரும் தேடும்போது, என்ன பேசுவது என்ற தவிப்பே எழுவதில்லை. கைக்கு வேலை இருந்தால் பேச்சு தானாக வருகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர், இரவுப் பணி முடித்து வந்த செவிலியர், கல்லூரி மாணவர் என்று வயதும் தொழிலும் வேறுபட்டவர்களோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது அந்த மேசையில்தான். வாடகை ஒப்பந்தத்தில் எனக்குப் புரியாத ஒரு வரியை விளக்கியவரும், பொங்கலுக்கு என் வீட்டுக்கு முதலில் வந்தவரும் அவர்களே.

கணவர் அல்லது மனைவியின் வேலைக்காக உடன் வந்து, பகல் முழுவதும் தனியே வீட்டில் இருப்பவர்களுக்கு இதை இன்னும் அழுத்தமாகச் சொல்வேன். வேலைக்குப் போகிறவருக்கு அலுவலக முகங்களாவது உண்டு. அவர்களுக்கு அதுவும் இல்லை. ஆங்கிலம் சரளமாக வராது என்ற கூச்சம் உள்ளவர்கள் முதலில் டோக்கன் கொடுக்கும் பணியை ஏற்கலாம். ‘வெல் டன்’ என்ற இரண்டு சொற்களே அதற்குப் போதும்.

குறைகளும் உண்டு. புஷி பூங்கா போன்ற பெரிய இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுவதால் முகங்கள் மனத்தில் நிற்பதில்லை. நட்பு நாடுபவர்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சிறிய நிகழ்வைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வாரம் ஒரு பூங்காவாகச் சுற்றுவது ஓட்டக்காரர்களுக்கு இனிமையான பொழுதுபோக்கு, ஆனால் பழக்கம் வளர ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஊர்த் தேநீர்க் கடையில் நாள்தோறும் காணும் முகத்தோடு ஒரு நாள் பேச்சு தொடங்குவதைப் போல, இங்கும் வானிலையைத் தாண்டிப் பேச்சு நகரச் சில மாதங்கள் ஆகும். பாதையில் பனி உறைந்திருந்தால் நிகழ்வை ரத்து செய்துவிடுவார்கள். நம் பெயரும் ஓடிய நேரமும் பொதுவில் வெளியாகும் என்பதையும் அறிந்துகொண்டு பதிவு செய்ய வேண்டும். தமிழில் மனம்விட்டுப் பேசும் ஏக்கத்தை இது தீர்க்காது. அதற்குத் தமிழர்கள் நிறைய வாழும் லண்டன் பகுதிகளான ஈஸ்ட் ஹாமும் டூட்டிங்கும் இருக்கின்றன.

டிசம்பர் 25 அன்று லண்டனில் சுரங்க ரயிலும் பேருந்தும் ஓடுவதில்லை, பெரும்பாலான கடைகளும் மூடியிருக்கும். வெளிநாட்டவருக்கு ஆண்டிலேயே மிகத் தனிமையான நாள் அதுதான். அன்றும் சில பூங்காக்களில் பார்க்ரன் நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நடந்தே போகக்கூடிய தொலைவில் அப்படி ஒரு பூங்கா இருக்கிறதா என்று முந்தைய வாரமே இணையதளத்தில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

புதிதாகச் செல்பவர்கள் சேறு பட்டாலும் கவலையில்லாத காலணியை அணிந்து, பார்கோடை அச்சிட்டோ கைபேசியிலோ எடுத்துக்கொண்டு, காலை 8.45 மணிக்குள் பூங்காவுக்கு வந்துவிட வேண்டும். பார்கோடு இல்லாவிட்டால் முடிவுப் பட்டியலில் பெயர் வராது. காபிக்கு நான்கு பவுண்டு கையில் இருக்கட்டும். ஓட்டம் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பாமல் டோக்கன் மேசை எங்கே என்று கேளுங்கள்.