ரேழியிலிருந்து கொல்லை வரை: வீட்டு வலையமைப்போடு ஐந்து ஆண்டுகள்

கும்பகோணத்தில் எங்கள் வீடு தெருவாசலிலிருந்து கொல்லைக் கதவு வரை ஏறத்தாழ 100 அடி நீளம், அகலம் 18 அடிதான். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லைத் தாழ்வாரம் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் இந்த வீட்டின் குறுக்குச் சுவர்கள், செங்கல்லும் சுண்ணாம்புமாகத் தாத்தா காலத்தில் ஒன்றரை அடி கனத்தில் எழுப்பப்பட்டவை. 2020 ஜூன் மாதம், பிள்ளைகளின் இணையவழி வகுப்புகளுக்காகவும் என் மனைவியின் அலுவலக வேலைக்காகவும் 100 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 100 மெகாபிட்) வேகமுள்ள ஃபைபர் இணைப்பை வாங்கினோம். கம்பி தெருப்பக்கமிருந்து வந்ததால், இணைப்பு கொடுக்க வந்தவர் மோடத்தை ரேழியிலேயே மாட்டிவிட்டுச் சென்றார். அன்று தொடங்கி இன்றுவரை எதை வாங்கினேன், எது பழுதானது, எது நிலைத்தது என்பதைத் தன் வீட்டிலும் இதைச் செய்ய நினைக்கும் ஒருவருக்குப் பயன்படும் வகையில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

முதல் வாரத்தில் மோடத்துக்கு அருகில் 95 கிடைத்த வேகம் கூடத்தில் 30 ஆகவும், அடுக்களையில் 4 ஆகவும் இறங்கியது. கடையில் கேட்டபோது, வை-பை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும், சுவரில் செருகும் ரிப்பீட்டர் ஒன்றைக் கொடுத்தார்கள். அதைக் கூடத்தில் மாட்டியதும் எல்லோருடைய கைபேசியிலும் சிக்னல் கோடுகள் நிறைந்து காட்டின. ஆனால் அடுக்களையில் வேகம் 12ஐத் தாண்டவில்லை. அந்தக் கோடுகள் கைபேசிக்கும் ரிப்பீட்டருக்கும் இடையேயான நிலையை மட்டுமே சொல்கின்றன. ரிப்பீட்டருக்கும் மோடத்துக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை அவை காட்டுவதில்லை. அதோடு, விலை குறைந்த ரிப்பீட்டர்கள் பெரும்பாலும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் திருப்பி அனுப்புவதால், கிடைக்கும் நேரத்தில் பாதி அதிலேயே செலவாகிவிடுகிறது. மூன்று மாதத்தில் அதைக் கழற்றி வைத்தேன். கனமான சுவர் உள்ள வீட்டில் சுவரைக் கடக்கும் வேலையைக் கம்பியிடம் கொடுத்துவிட்டு, ஓர் அறைக்குள் பரவும் வேலையை மட்டும் வை-பையிடம் விட வேண்டும் என்ற முடிவுக்கு அப்போதுதான் வந்தேன். ஐந்து ஆண்டுகளில் நான் எடுத்த முடிவுகளில் இதை மட்டும் மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை.

ரேழியிலிருந்து முற்றத்துத் தாழ்வாரத்தின் உத்தரத்தை ஒட்டி ஒரு பி.வி.சி. குழாயைக் கொண்டுபோய், கூடத்துக்கும் கொல்லைத் தாழ்வாரத்துக்கும் தனித்தனியாகக் கேட்-6 என்ற வலையமைப்புக் கேபிள் இழுத்தோம். மின்சார ஒயர் செல்லும் குழாயிலிருந்து ஓர் அடி தள்ளியே இது செல்கிறது. இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால், 35 மீட்டரைத் தாண்டாத எங்கள் வீட்டுக்கு நீளம் ஒரு பொருட்டே அல்ல. கேபிளின் தரத்தில்தான் தவறிவிட்டேன். கடையில் முழுச் செம்பும் கிடைத்தது, அலுமினியத்தின்மேல் செம்பு பூசியதும் கிடைத்தது. இரண்டாவதன் விலை ஏறத்தாழ பாதி. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருந்ததால் மலிவானதை வாங்கினேன். அலுமினியம் எளிதில் ஒடியக்கூடியது. கூடத்துக் கேபிள் ஓராண்டுக்குள், கிரிம்பிங் செய்த (முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்திய) இடத்தில் ஒடிந்தது. மறுபடி கிரிம்ப் செய்தும் சில மாதங்களில் மீண்டும் ஒடிந்தது. அதன்பின் இரண்டு கேபிளையும் முழுச் செம்பாக மாற்றினேன். இரண்டாம் முறை ஆள் கூலியும் சேர்ந்ததால், முதலிலேயே நல்லதை வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடக் கூடுதலாகவே ஆனது.

2022ல் இணைப்பை 200 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு உயர்த்தியபோது வேறொரு சிக்கல் தெரியவந்தது. ரேழியில் 200 வந்தாலும், கொல்லைப்பக்கம் 94ஐத் தாண்டவே இல்லை. 94, 95 என்ற எண்ணிலேயே வேகம் நிலைத்து நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான். கேபிளுக்குள் இருக்கும் எட்டு ஒயர்களில் 100 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு நான்கு போதும். ஜிகாபிட் (1000 எம்.பி.பி.எஸ்.) வேகத்துக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் கருவிகள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 100க்கு இறங்கிக்கொள்கின்றன. இணையம் வந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் பழுது தெரிவதில்லை. ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு விளக்கு என்று காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கேபிள் டெஸ்டரில் 7ஆம் எண் விளக்கு எரியவில்லை. வெள்ளை-பழுப்பு ஒயர் முனைக்குள் சரியாக நுழையாமல் இருந்தது. முனையை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்ததும் வேகம் உடனே 190க்கு மேல் போனது. இந்த டெஸ்டரை வீட்டில் வைத்திருக்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

கொல்லைப்பக்கம் வைத்தது எங்களிடம் ஏற்கெனவே இருந்த பழைய ரூட்டர். அதைக் கேபிளில் செருகிய அன்று மாலை வீடே குழம்பிப்போனது. அப்பாவின் பிரிண்டர் மடிக்கணினியில் தெரியவில்லை. மகளின் கைபேசியில் வை-பை இணைந்திருந்தும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. மோடமும் பழைய ரூட்டரும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியைக் கொண்டிருந்ததோடு, புதிதாக வரும் கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலையையும் இரண்டுமே செய்துகொண்டிருந்தன. பழைய ரூட்டரிடம் முகவரி வாங்கிய கருவி, வெளியே செல்லும் வழியையும் அதனிடமே கேட்டது. அதற்கோ வெளியே வழியில்லை. ஒரு தெருவில் ஒரே கதவிலக்கத்தில் இரண்டு வீடுகள் இருந்தால் தபால் என்ன ஆகுமோ அதுதான் நடந்தது. பழைய ரூட்டரை, வை-பையைப் பரப்புவதை மட்டும் செய்யும் அக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றி, அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கியதும் சரியானது. பிரிண்டருக்கும் கேமரா பெட்டிக்கும் மோடத்திலேயே நிலையான முகவரியை ஒதுக்கிவிட்டேன். அதன்பின் இன்றுவரை பிரிண்டர் காணாமல் போனதில்லை.

வை-பை அமைப்பில் செய்தவை அதிகமில்லை. வை-பையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் 1, 6, 11 என்ற மூன்று சானல்களைத்தான் பயன்படுத்த முடியும் என்பதால், ரேழிக்கு 1, கூடத்துக்கு 6, கொல்லைக்கு 11 என்று பிரித்தேன். அடுக்களையில் மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் அங்கே வீடியோ அழைப்பு திக்கியது. அந்த அடுப்பும் அதே அலைவரிசையில் இயங்குவதுதான் காரணம். மனைவியின் மடிக்கணினியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

மகனின் கைபேசிக்கு இரவு 10 மணிக்கு இணையத்தை நிறுத்தும் விதி ஒன்றை வைத்தேன். அது ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை. இப்போதைய கைபேசிகள் தனியுரிமைக்காகத் தங்கள் உண்மையான மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்ணை) மறைத்து, வேறொரு முகவரியை ரூட்டரிடம் காட்டுகின்றன. நான் பதிந்திருந்தது உண்மையான முகவரி. எங்கள் வீட்டு வை-பைக்கு மட்டும் அந்த மறைப்பை நீக்கிய பிறகே விதி செயல்பட்டது. அவனிடம் காரணத்தைச் சொல்லி, அவன் சம்மதத்தோடுதான் அதைச் செய்தேன்.

மின்தடைக்கு எங்களிடம் இன்வர்ட்டர் உண்டு, ஆனால் ரேழியின் அந்தப் பிளக் அதன் இணைப்பில் இல்லை. 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்றை மோடத்துக்கு வாங்கினேன். முதல் மின்தடையிலேயே ஒன்று புரிந்தது: மோடம் மட்டும் உயிரோடு இருந்து பயனில்லை, கேபிள்களைப் பிரித்துக் கொடுக்க நடுவில் உள்ள நெட்வொர்க் ஸ்விட்சும் அறையில் உள்ள அக்சஸ் பாயின்டும் அணைந்தால் அந்த அறைக்கு இணையம் இல்லை. இப்போது மூன்று இடத்திலும் மின்காப்பு உண்டு. தொடக்கத்தில் 3 மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்கிய மினி யு.பி.எஸ்., இரண்டரை ஆண்டில் 20 நிமிடத்துக்கு வந்துவிட்டது. பேட்டரி தேயும் பொருள் என்பதால், வாங்கிய தேதியை அதன்மேலேயே எழுதி ஒட்டுவது நல்லது.

ஐந்து ஆண்டுகளில் எனக்கு அதிகக் கவலை தந்தது 2023 நவம்பர் மழையின்போது நடந்தது. நான் வேலையாகச் சென்னையில் இருந்தேன். வீட்டில் இணையம் விட்டுவிட்டு வந்தது. இணைப்பு நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசியவர், மோடத்தின் பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியால் அழுத்தச் சொல்லியிருக்கிறார். அம்மா அப்படியே செய்துவிட்டார். அது ரீஸ்டார்ட் அல்ல, ரீசெட். இணைப்பின் பயனர் பெயர், கடவுச்சொல், ஒதுக்கிய முகவரிகள், வை-பை பெயர் எல்லாம் அழிந்துபோயின. மூன்று நாள் கழித்து நான் வந்த பிறகுதான் எல்லாவற்றையும் மறுபடி அமைக்க முடிந்தது. அந்த மூன்று நாளும், தான் எதையோ கெடுத்துவிட்டதாக அம்மா வருந்திக்கொண்டே இருந்தார். தவறு அவருடையதல்ல. எல்லாவற்றையும் அமைத்துவிட்டு, அதை என் தலைக்குள் மட்டும் வைத்திருந்த என்னுடையது.

உண்மையான பழுது வெளியே இருந்தது. மோடத்தின் அமைப்புப் பக்கம், ஃபைபரில் வரும் ஒளியின் அளவை மைனஸ் 29 டி.பி.எம். (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) என்று காட்டியது, இணைப்பு புதிதாக இருந்தபோது நான் குறித்து வைத்திருந்தது மைனஸ் 21. மைனஸ் 27க்குக் கீழே போனால் இத்தகைய மோடங்கள் தடுமாறத் தொடங்கும். இந்த இரண்டு எண்களையும் சொன்னதும், அதுவரை மோடத்தையே குறை சொன்னவர்கள் மறுநாளே ஆள் அனுப்பினார்கள்; ஜன்னல் விளிம்பில் மடங்கியிருந்த ஃபைபரை மாற்றியதும் பழைய அளவு திரும்பியது. புதிய இணைப்பு வாங்குபவர்கள் முதல் நாளே இந்த அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் ரேழியில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிட்டோம். பெட்டிகளுக்கு 1, 2, 3 என்று எண் ஒட்டி, எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும், அணைத்துப் போடும்போது 1ஐப் போட்டு இரண்டு நிமிடம் பொறுத்து அடுத்ததைப் போட வேண்டும், சிறு துளையைத் தொடக்கூடாது என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதினேன். அமைப்புகளின் நகலை ஒரு பென் டிரைவில் எடுத்து அதனுடன் வைத்தேன். இந்த ஆண்டு மே மாதம் நான் மீண்டும் வெளியூரில் இருந்தபோது அம்மா அழைத்தார்: “ரெண்டாம் நம்பர் பெட்டில பச்சை லைட் எரியலப்பா, ஒயரைக் கழட்டி மாட்டினேன், வந்துடுச்சு. உனக்குச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

இன்னும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. கொல்லைக்கு ஒரே ஒரு கேபிள்தான் செல்கிறது. அது பழுதானால் மாற்று இல்லை. ஐப்பசி மழைக்கு முன்பு அதே குழாயில் இன்னொரு முழுச் செம்புக் கேபிளை இழுத்து, இரண்டு முனையிலும் எண் ஒட்டி, டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிவதைப் பார்த்துவிட்டுச் சுருட்டி வைக்க வேண்டும்.